கலங்கலில் எதிரேறும் மீன்: நீரை உணரும் உடலும் அதைப் பார்த்துச் செய்த ரோபோவும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டால் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் போகத் தொடங்கும். எந்த ஊரில் கலங்கல் போகிறது என்பது பள்ளி வருகைப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். நான்கைந்து பிள்ளைகள் வந்திருக்கமாட்டார்கள். மறுநாள் வந்து, எத்தனை கெண்டை ஏறியது, எவ்வளவு பெரிய விரால் வலையில் விழுந்தது என்று கதை சொல்வார்கள்.

அந்தக் கதைகளுக்குள் ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது. வெள்ளம் கீழே போகிறது, மீன் மேலே வருகிறது. இரவிலும் வருகிறது. செந்நீராகக் கலங்கி, ஒரு சாண் தள்ளி இருப்பதுகூடத் தெரியாத நீரிலும் வருகிறது. எந்தப் பக்கம் எதிர்ப்பக்கம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

வகுப்பில் கேட்டால், “தண்ணி வந்து மோதும்ல சார்” என்று உடனே பதில் வரும். நமக்கு மோதும், உண்மைதான். நம் கால் தரையில் ஊன்றியிருப்பதால் மோதுகிறது. மீனுக்கு ஊன்றிக்கொள்ளத் தரை இல்லை. நீர் போகிற வேகத்திலேயே அதுவும் அடித்துச் செல்லப்பட்டால், நீருக்கும் மீனுக்கும் இடையே வேக வேறுபாடே கிடையாது. சீரான வேகத்தில் ஓடும் ரயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ரயில் எந்தத் திசையில் போகிறது என்று நமக்குத் தெரியாது அல்லவா, அதே நிலைதான். பகலில் கரையும் செடியும் நகர்வதைக் கண்ணால் பார்த்து மீன் புரிந்துகொள்ளலாம். அடித்தரையில் உடல் உரசினாலும் தெரிந்துவிடும். இருட்டில், நடுநீரில் இருக்கிற மீனுக்கு? இந்தப் புதிர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்களை வதைத்தது.

2017-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒரு விடையைக் கண்டது. சோதனைக்கு எடுத்துக்கொண்டது, நம் நாட்டு ஓடைகளில் பிறந்து இன்று உலகின் ஆய்வகங்களிலெல்லாம் வளர்கிற வரிக்குதிரை மீனின் குஞ்சுகளை. குழாய்க்குள் நீரை ஓடவிட்டு, இருட்டில் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். குழாயின் நடுவில் நீர் வேகமாகவும் சுவரை ஒட்டி மெதுவாகவும் ஓடும். (நம் வாய்க்காலிலும் அப்படித்தான். நடுவில் ஓர் இலையும் கரையோரம் ஓர் இலையும் போட்டால் எது முந்துகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.) ஆகவே குஞ்சின் இடது பக்கத்தில் படும் நீரின் வேகமும் வலது பக்கத்தில் படும் நீரின் வேகமும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு குறைந்துகொண்டே போனால் குஞ்சு நேராக நீந்துகிறது. கூடினால், நீர் எந்தப் பக்கமாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்த ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பச் செய்தாலே போதும், குஞ்சு கடைசியில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வந்து நின்றுவிடும். உடலின் பக்கவாட்டிலுள்ள உணர் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்தபோது இருட்டில் அவற்றால் இதைச் செய்ய முடியவில்லை.

அந்த உணர் உறுப்பைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், மீன்கடை போதும்.

சந்தையில் தெரியும் கோடு

ரோகு அல்லது கட்லா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். செவுள் மூடியின் பின்னால் தொடங்கி வால் வரை, தையல் போட்டதுபோல் ஒரு கோடு ஓடும். இதுதான் பக்கக்கோடு. அந்த வரிசைச் செதில்களை மட்டும் கைலென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நுண்துளை இருக்கும். அடுத்து ஒரு ஜிலேபி மீனை எடுங்கள். கோடு பாதியில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி தொடங்கி வாலுக்குப் போகும். இரண்டு மீன்களையும் அருகருகே வைத்து, “வித்தியாசம் என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இதைப் பல வருடம் மீன் ஆய்ந்த அம்மாக்கள்கூட கவனித்திருப்பதில்லை, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மீனின் உடலில் வழவழப்பை ஊற வைக்கும் சுரப்பி வரிசை இது என்றுதான் முன்பு நினைத்தார்கள். இது உணர் உறுப்பு என்று 1850-இல் சொன்னவர் ஜெர்மானியரான லைடிக். செதில் துளைகளுக்கு அடியில் ஓடும் குழாயிலும் தோலின் மேலும் கூழ்போன்ற சிறு குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் நுண்மயிர்களையுடைய செல்கள். நீர் அசைந்தால் குமிழ் சாயும், மயிர் வளையும், நரம்புக்குச் செய்தி போகும். இதே வகைச் செல்கள்தான் நம் உட்செவியிலும் இருந்துகொண்டு நம்மைக் கேட்கவைக்கின்றன, தள்ளாடாமல் நிற்கவைக்கின்றன. உயர்வகுப்பில் காது பாடத்தையும் மீன் பாடத்தையும் ஒன்றாக நடத்த இதைவிட நல்ல இடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறுப்பை ஆழமாக ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி டைக்ராஃப், இதற்குத் ‘தொலைத் தொடுகை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். மீன் பார்க்காமல், தொடாமல், நீரின் வழியாகவே பொருளைத் தொட்டு உணர்கிறது. நமக்கு இப்படி ஒரு புலன் இல்லாததால் மாணவர்களுக்குப் புரியவைப்பது கடினம். ஒரு சிறு வழி இருக்கிறது. அகன்ற அன்னக்கூடையில் நீர் நிரப்பி, ஒரு மாணவி கண்ணை மூடி உள்ளங்கையை அசையாமல் நீருக்குள் வைத்துக்கொள்ளட்டும். மற்றொருவர் கையைத் தொடாமல், நான்கு விரல் தள்ளி ஓர் அடிமட்டத்தை நீருக்குள் வேகமாக அசைக்கட்டும். எந்தப் பக்கம் அசைந்தது என்று அவள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவாள். உடல் முழுதும் அந்த உள்ளங்கையாக, இதைவிடப் பல மடங்கு கூர்மையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று அதன் பிறகு கேட்கலாம்.

நீர்மட்டத்து வேட்டைக்காரன்

நம் ஏரி, குளம், வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் விரல்நீள மீன் ஒன்று உண்டு. தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு வைத்ததுபோல் ஒரு மினுக்கம். மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்கிறார்கள். வானத்தைப் பார்க்கும் கண் உடையது என்று பொருள். அறிவியலில் அப்லோகைலஸ் பேரினம். அழகுக்காக யாரும் இரண்டாம் தடவை பார்க்காத இந்த மீனின் இந்திய இனம் ஒன்றை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஷ்வார்ட்ஸும் பிளெக்மனும் பல ஆண்டுகள் சோதனை நடத்தினார்கள். எனக்குத் தெரிந்து, மீன் உணர்வு பற்றிய ஆராய்ச்சிகளில் வகுப்பறைக்கு இவ்வளவு பொருந்துவது வேறில்லை.

ஓர் எறும்பு நீரில் விழுகிறது. துடிக்கிறது. நீர்மட்டத்தில் வட்ட வட்டமாகச் சிற்றலை பரவுகிறது. மீன் சட்டென்று திரும்பி, சரியான திசையில், சரியான தூரம் நீந்திப் போய் எறும்பை விழுங்குகிறது. இருட்டிலும் இதைச் செய்கிறது. அதன் தலையின் மேற்புறத்தில் மூன்று தொகுதிகளாக அமைந்த உணர்குமிழ்கள் சிற்றலையைப் படிக்கின்றன. எந்தப் பக்கக் குமிழுக்கு அலை முதலில் வந்தது என்பது திசையைச் சொல்லும். இது எளிது, நம் இரண்டு காதுகள் செய்வதுபோலத்தான்.

தூரம் எப்படித் தெரிகிறது என்பதில்தான் சுவாரசியம். அலையின் வட்டம் எறும்புக்கு அருகே சிறியது, வளைவு கூடுதல். தொலைவு போகப் போக வட்டம் பெரிதாகி வளைவு தளரும். வளையலின் ஒரு துண்டையும் வண்டிச் சக்கரத்தின் ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். வளைவின் அளவே தூரத்துக்கு ஒரு குறிப்பு. இன்னொரு குறிப்பும் உண்டு. துடிக்கும் பூச்சி ஒரே அதிர்வெண்ணில் அலை எழுப்புவதில்லை, பல அதிர்வெண்கள் கலந்து வரும். நீர்மட்டத்தின் நுண்ணலைகளில் அதிர்வெண் கூடியவை வேகமாக ஓடும், ஆனால் சீக்கிரம் செத்துவிடும். குறைந்தவை மெதுவாக வரும், நெடுந்தூரம் தாங்கும். ஆகவே வந்து சேரும் அலையில் கூடிய அதிர்வெண் எவ்வளவு மிச்சமிருக்கிறது, எவ்வளவு முந்தி வந்தது என்பதிலிருந்து, எத்தனை தூரம் கடந்து வந்திருக்கிறது என்று மீன் கணிக்கிறது. காற்று எழுப்பும் அலை பெரும்பாலும் நொடிக்கு 10 அதிர்வுக்கும் குறைவு. பூச்சியின் துடிப்பு அதற்கு மேல். காற்றை இரையென்று நம்பி மீன் ஓடுவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவர் அலை, அதிர்வெண் என்று எழுதிப் படிப்பதை, ஏரியோரத்து விரல்நீள மீன் பசிக்காகச் செய்துகொண்டிருக்கிறது.

கெளுத்தியின் காது, விராலின் வாய்

கெளுத்தி வேறு ரகம். கலங்கிய அடிநீரில் வாழ்கிறது, கண்ணை அதிகம் நம்புவதில்லை. மீசையிலும் தோலிலும் சுவை மொட்டுகள் இருப்பதால் உடலே நாக்குபோல. அதற்குக் காதும் நல்ல காது. கெண்டை, கெளுத்தி இனங்களில் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புத் தொடர் ஒன்று இணைக்கிறது. காற்றுப்பை மத்தளத்தோல்போல அதிர, எலும்புகள் அதைச் செவிக்குக் கடத்தும். 1820-இல் வேபர் இதை விவரித்தார். ஆனாலும் மீனுக்குக் கேட்காது என்றே வெகுகாலம் வாதித்தார்கள். தேனீக்களின் நடன மொழியால் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், பார்வையற்ற ஒரு கெளுத்தியை வளர்த்தார். உணவு தருமுன் சீழ்க்கை அடித்துப் பழக்கினார். சில நாளில் சீழ்க்கை கேட்டதும் அது ஒளிந்திருந்த குழாயை விட்டு வெளியே வந்தது. 1923-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சீழ்க்கை அடித்தால் வரும் கெளுத்தி என்ற பொருளில் அமைந்தது.

கெளுத்திக்கு மின்சாரமும் தெரியும். 1917-இல் அமெரிக்காவில் பார்க்கரும் வான் ஹூசனும் கண்ணை மறைத்த கெளுத்தியின் அருகே கண்ணாடிக் கம்பியைக் கொண்டுபோனார்கள். உடலைத் தொடும்வரை அது சும்மா இருந்தது. உலோகக் கம்பியைக் கொண்டுபோனபோதோ, சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போதே விலகியது. நீரில் அமிழ்ந்த உலோகப் பரப்பில் எழும் மிகச்சிறு மின்னோட்டத்தை அதன் தோல் உணர்ந்துவிட்டது. சேற்றுக்குள் புதைந்திருக்கும் புழுவின் தசைத்துடிப்பும் இதுபோன்ற மின்சாரம்தான். ஏரி மீன் பிடிப்பவர்கள் கெளுத்தி முள்ளுக்குப் பயப்படுவார்கள். அதன் தோலுக்கு மரியாதை செலுத்தவும் காரணம் இருக்கிறது.

விரால் பொறுமைசாலி. செடி மறைவில் அசையாமல் நின்று, இரை எட்டும் தூரத்தில் வந்ததும் வாயைத் திடீரென அகலத் திறக்கும். வாய்க்குள் இடம் சட்டென்று பெருகுவதால் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. நாம் ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும் அதே விதிதான், நேரம் மட்டும் நொடியின் நூற்றில் சில பங்கு. தூண்டிலில் தவளையைக் கோத்து நீர்மட்டத்தில் துள்ளவிடும் பெரியவர்கள், விராலின் கண்ணையும் பக்கக்கோட்டையும் ஒருசேர ஏமாற்றுகிறார்கள்.

இரைக்கும் தற்காப்பு உண்டு. மீனின் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன. மௌத்னர் செல்கள் என்று பெயர். இடப்பக்கம் அதிர்ச்சி வந்தால் இடச்செல் துடிக்கும், வலப்பக்கத் தசைகள் ஒன்றாகச் சுருங்கும், உடல் ‘ட’வின் மூலைபோல வளைந்து ஆபத்துக்கு எதிர்ப்பக்கம் பாயும். அதிர்ச்சிக்கும் வளைவின் தொடக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய நொடியின் நூற்றில் ஒரு பங்குதான் ஆகும். கையை விட்டு மீன் பிடிக்க முயன்று தோற்ற பிள்ளைகள் தங்கள் கையின் வேகத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அடியில்லாத கூடையான ஊத்தாவை மேலிருந்து ஒரே குத்தாகக் கவிழ்ப்பதன் நுட்பமும் இதுவே. எந்தப் பக்கம் பாய்ந்தாலும் சுவர்.

சுழலில் ஏறும் வால்

துடுப்பை வாலாக மாற்றிப் படகு செய்தால் மீனாகிவிடுமா? இல்லை என்பதைப் பொறியாளர்கள் கஷ்டப்பட்டுக் கற்றார்கள்.

மீன் வாலை ஒருபக்கம் வீசும்போது நீரில் ஒரு சுழல் பிறக்கிறது. மறுபக்கம் வீசும்போது எதிர்த்திசையில் சுழலும் இன்னொன்று. இந்தச் சுழல்கள் மாறிமாறி வரிசையாகப் பின்னால் போகின்றன. அவற்றின் நடுவே நீர் பின்னோக்கிப் பீறிட, மீன் முன்னோக்கிப் போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிரையாண்டஃபிலூ குழுவினர் 1990-களில் ‘ரோபோ டியூனா’ என்ற எந்திரச் சூரை மீனைக் கட்டியது இதை அளந்து பார்க்கத்தான். அது கடலில் நீந்தவில்லை, ஆய்வகத்தின் நீண்ட தொட்டியில் ஒரு வண்டியோடு இணைக்கப்பட்டு ஓடியது. உடல் வளைவதற்கு மட்டும் ஆறு மோட்டார்கள். உண்மையான சூரை அதைத் தசையின் ஒரு அலையில் செய்துவிடுகிறது.

ஆற்றின் நடுவே ஒரு கல்லோ பாலத்தூணோ இருந்தால் அதன் பின்னாலும் இதுபோல் சுழல் வரிசை உண்டாகும். திருமுக்கூடல் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி கூடி நீர் ஓடும் நாட்களில் பாலத்தின் மேலிருந்தே இதைப் பார்க்கலாம். அந்தச் சுழல்களுக்குள் டிரவுட் மீன்களை விட்ட ஆய்வு 2003-இல் வெளிவந்தது. மீன் தன் உடலைச் சுழலின் தாளத்துக்கு வளைத்துக்கொண்டு, மிகக் குறைந்த தசை உழைப்பில் நிலைத்து நின்றது. 2006-இல் அதே குழுவினர் மேலும் ஒருபடி போனார்கள். இறந்த டிரவுட் ஒன்றைத் தடுப்புக்குப் பின்னால் சுழலுக்குள் வைத்தார்கள். நெகிழ்ந்த அதன் உடல் சுழலுக்கேற்ப ஆடி, நீரோட்டத்துக்கு எதிராகவே முன்னேறியது. உயிரே இல்லாத உடல்! மீனின் வடிவத்திலும் நெகிழ்விலுமே பாதி நீச்சல் இருக்கிறது என்று தெரிந்தது. ‘படகு போன்ற உடல்’ என்று தகவமைப்புப் பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். படகு விறைப்பானது, மீன் விறைப்பானது அல்ல. அந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் பாடமாகவே நடத்த வேண்டும். கலங்கலையோ தடுப்பணையையோ தாண்டி விழும் நீர் நேராக ஓடிவிடுவதில்லை. அடியில் மோதி, மேலே எழுந்து, ஒரு பகுதி மீண்டும் சுவரை நோக்கியே உருண்டு திரும்புகிறது. மேலிருந்து பார்த்தால் இடுப்பளவு நீர்போலத் தோன்றும். உள்ளே விழுந்தவரை அந்த உருளல் வெளியே விடாது, நீச்சல் தெரிந்தவரையும் விடாது. மதகின் வாய் அருகே உள்ளிழுப்பு, பாலாற்றில் மணல் எடுத்த பள்ளங்களில் திடீர் ஆழம், இவையும் அப்படித்தான். கெண்டை ஏறுகிறதே என்று அதன் பின்னால் இறங்கும் பிள்ளைக்குப் பக்கக்கோடு கிடையாது. “அங்கே போகாதே” என்று சொல்வதைவிட, நீர் அங்கே எப்படி உருள்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் கேட்கிறார்கள். மழைக்காலம் தொடங்குமுன் இந்த ஒரு பாடவேளையை ஒதுக்குவது நல்லது.

எந்திர மீன்கள்

முதல் தலைமுறை எந்திர மீன்கள் வாலை ஆட்டின, ஆனால் நீரை உணரவில்லை. எஸ்தோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குரூஸ்மா தலைமையிலான குழு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பக்கக்கோட்டுக்குப் பதிலாக அழுத்த உணரிகளைப் பொருத்தி ஒரு ரோபோவைச் செய்தது. அது நீரோட்டத்தை உணர்ந்து எதிர்முகமாகத் திரும்பியது. தடுப்புக்குப் பின்னால் உள்ள தளர்ந்த நீரில் நின்றுகொண்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. நம் கலங்கல் கெண்டை செய்வதன் தொடக்கப்பள்ளிப் பதிப்பு என்று சொல்லலாம்.

எம்.ஐ.டி. 2018-இல் காட்டிய ‘சோஃபி’ மென்மையான சிலிக்கான் வால் உடையது. வாலுக்குள் இரண்டு அறைகள். மோட்டார் நீரை ஓர் அறைக்குள் தள்ளினால் வால் மறுபக்கம் வளையும், பிறகு மாற்றித் தள்ளும். பிஜித் தீவின் பவளத்திட்டில் அது பதினைந்து மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், ஒரே தடவையில் 40 நிமிடம்வரை நீந்தியது. சுழலும் விசிறி இல்லாததால் பக்கத்தில் இருந்த மீன்கள் மிரளவில்லை. ஆகாயத்தாமரை மண்டிய நம் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். விசிறியில் தண்டு சுற்றிக்கொள்ளும், வாலில் அவ்வளவு எளிதாகச் சுற்றாது.

மீன் பெயர் தாங்கிய எந்திரம் ஒன்று நம் பக்கத்திலேயே உருவாகிறது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘மத்ஸ்யா 6000’. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கான நீர்மூழ்கி. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீருக்குள் சோதிக்கப்பட்டது. ஆனால் இது நீந்துவது மீன்போல அல்ல, உந்துவிசிறிகளால். ஆட்கள் உட்காரும் உருண்டை 2.1 மீட்டர் விட்டம் கொண்டது, டைட்டானியக் கலவையால் ஆனது. அந்த ஆழத்தில் அழுத்தம் நாம் வாழும் வளிமண்டலத்தைப்போல் சுமார் 600 மடங்கு. மனிதனை உள்ளே வைத்தால் இப்படி எதிர்த்து நிற்கத்தான் வேண்டும்.

ஆள் இல்லாத எந்திரத்துக்கு வேறு வழி உண்டு. ஆழ்கடல் நத்தைமீனின் மண்டையோட்டு எலும்புகள் முழுதாக ஒட்டிக்கொள்ளாமல் இடைவெளியோடு இருக்கும், அழுத்தம் வந்தால் உடையாமல் நகர்ந்து கொடுக்கும். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு இதைப் பார்த்து, மின்னணுப் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து மெல்லிய சிலிக்கானுக்குள் பதித்து ஒரு ரோபோ செய்தது. 2021-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, அது மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்தில் துடுப்பை அசைத்தது, தென்சீனக் கடலில் 3,224 மீட்டர் ஆழத்தில் தானாக நீந்தியது. டைட்டானிய உருண்டையும் இல்லை, கனமான கூடும் இல்லை. ஒன்று எதிர்த்து நிற்கிறது, மற்றொன்று வளைந்து கொடுக்கிறது. எட்டாம் வகுப்பு அழுத்தப் பாடத்துக்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு ரோபோவும் இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனை நம் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விட்டிருக்கிறோம். பல நாடுகளில் அது உள்ளூர்ச் சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் கடித்துத் துன்புறுத்தி விரட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வேலைசெய்த ஒரு குழு, கம்பூசியாவை வேட்டையாடும் பெரிய மீனைப்போல் ஒரு ரோபோவைச் செய்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. கம்பூசியா தலைப்பிரட்டையை நெருங்கும்போது கேமரா கண்டறிந்து ரோபோவைப் பாயவைக்கும். பயத்திலேயே கம்பூசியா இளைத்தது, இனப்பெருக்கத் திறன் குறைந்தது. ஆய்வகத் தொட்டியில் நடந்த சோதனை இது, ஏரியில் ஆயிரம் ரோபோக்களை விடுகிற யோசனை அல்ல. எனக்கு இதில் உறைப்பது வேறு. கொசுப்புழுவை நன்றாகவே தின்னும், நீர்மட்டத்திலேயே வேட்டையாடும் அந்த வெள்ளிப்பொட்டு மீன் நம் ஏரியில் ஏற்கெனவே இருக்கிறது. அது இருப்பதே தெரியாமல் வெளியூர் மீனை அழைத்து வந்தோம்.

வகுப்பில் செய்ய

மீன் மாதிரி செய்ய ரோபோ கருவிப்பெட்டி வேண்டியதில்லை. ஒரு தெர்மாகோல் படகின் பின்புறம் ரப்பர் பேண்டால் குச்சி ஒன்றைக் கட்டுங்கள். குச்சியில் ஒரு தடவை பிளாஸ்டிக் ஃபைல் அட்டையால் வெட்டிய நெகிழ்வான வால், அடுத்த தடவை மர அடிமட்டத்தால் ஆன விறைப்பான வால். குச்சியைக் கையால் இடவலமாக ஒரே வேகத்தில் ஆட்டிவிட்டு, படகு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கட்டும். அட்டையின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து அட்டவணை போட்டால் அது வானவில் மன்றத்தில் ஒரு முழுச் செயல்பாடு. மிக நெகிழ்ந்த அட்டையும் சரிப்படாது, மிக விறைத்ததும் சரிப்படாது. இடையில் ஓர் அளவு எல்லாவற்றையும் முந்தும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தொடக்க வகுப்புகளுக்குப் பெயர்ப்பட்டியல். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. ஏரியை அறிந்தவர்கள் இன்றும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமும் மீன் விற்கும் ஆயாவிடமும் கேட்டு, தங்கள் ஏரியின் மீன்களை ஒரு நோட்டில் எழுதிவரட்டும்: பெயர், எங்கே இருக்கும், என்ன தின்னும், எப்படிப் பிடிப்பார்கள், எந்த மாதத்தில் வரும். பக்கத்தில் ஒரு படம், அதில் பக்கக்கோடு முழுதாக ஓடுகிறதா, அறுந்திருக்கிறதா என்ற குறிப்பு. உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த மீனுக்கு ஒரு பக்கம் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். தென்னேரியில் அதற்கு ஒரு பெயர் இருக்கலாம், உத்திரமேரூரில் இன்னொன்று இருக்கலாம்.